நன்றியுரையில் விட்டுப்போனவை

எனக்கு அறுபது வயது நிறைந்த மாதம் தொழிற்சாலைக் கேண்டீனில் விருந்து வைத்தார்கள். நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், பெயர் எழுதிய கேக், ஒரு சுவர்க்கடிகாரம். மானேஜர் எழுந்து மலாயில் பேசினார். நீட்டி முழக்கவில்லை. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட இவர் முடியாதுன்னு சொன்னதில்லை" என்றார். கேண்டீனே கைதட்டியது. பதிலுக்கு நானும் மூன்று நிமிடம் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மாட்டும்போது அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூடவா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி வந்த பிறகு மூன்று நிமிட நன்றி எனக்குப் போதவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். தொழிற்சாலை இருப்பது காப்பாரில், மேருவுக்குப் போகும் பக்கம். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். சொல்லப் போவதெல்லாம் புகழ்தான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நான் காப்பாருக்குப் புதியவன் அல்ல. அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் லயத்தில் விளக்கு தோட்டத்து ஜெனரேட்டரை நம்பி எரியும். இரவு பத்துக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கில்தான் பள்ளிப் பாடம். 1980-களின் நடுவில் கடலோரம் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையம் எழும்பியபோது, இருபத்தொரு வயதில் அங்கே ஒரு துணைக் குத்தகையாளரிடம் கேபிள் இழுக்கும் கூலியாகச் சேர்ந்தேன். கைத்தடிமன் கேபிளை இருபது பேர் வரிசையாக நின்று தோளில் ஏந்தி, ஒரே குரலில் சத்தம் போட்டு இழுப்போம். பின்னாளில் அந்த நிலையம் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மூன்றிலும் ஓடி, 2,420 மெகாவாட் கொள்ளளவு உள்ளதாக வளர்ந்தது. இன்றைக்கும் கோலசிலாங்கூர் சாலையில் போகும்போது அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்தால் தோளில் கேபிள் பாரம் இருப்பதுபோல் இருக்கும். அதன் சாம்பல் குளங்களில் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கில் கரைப்பறவைகள் வந்து இறங்கும். மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி இருப்போம்.

எங்கள் கேபிள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவர். "மலாயாவுல கரண்ட மொதல்ல தொழிலுக்குக் கொண்டு வந்ததுல நம்மாளுக்கும் பங்கு இருக்குடா" என்பார். அது உண்மை. 1894-வாக்கில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து மின் ஜெனரேட்டர் வைத்தார்கள். பத்துமலைக் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். இந்நாட்டு மின்சார வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்கி எழுதுகிறார்கள். அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நின்று அதை ஓட்டியவன் பெயரை நான் படித்த எதிலும் பார்த்ததில்லை. பெரியவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தத் தொழிலில் பிடிப்பு வந்தது. பகலில் கேபிள், இரவில் வகுப்பு. முதலில் வயர்மேன் சான்றிதழ், பிறகு சார்ஜ்மேன் சான்றிதழ். ஏ0-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினேன். 1994-இல் இந்தத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன்.

இனித் தொழிற்சாலையின் சிறப்பு.

எங்கள் சுவிட்ச் ரூமைப் போல் சுத்தமான சுவிட்ச் ரூமை இந்த வட்டாரத்தில் காட்டுவது கடினம். தரை பச்சைப் பெயின்ட். பேனலுக்கு முன்னால் கறுப்பு ரப்பர் விரிப்பு. சுவரில் மின்தாக்கு முதலுதவிப் படம். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்ட என் சான்றிதழ். நுழைந்ததும் இடப்புறம் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் ஆயிரம் வோல்ட் வரைக்கும் தாங்கும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி, அதன்மேல் போடும் தோல் கையுறை, முகம் முழுவதும் மறைக்கும் ஷீல்டு, தீப்பிடிக்காத துணியில் தைத்த மேற்சட்டை, பத்துச் சிவப்புப் பூட்டுகள். எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வாங்கி வைத்த மாதிரியே இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அலமாரிக்கும் பூட்டு உண்டு. சாவி மானேஜர் அறையில்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் பளபளப்பாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். எனக்கு அந்தப் பாட்டு விளங்கியது எங்கள் அலமாரிக்கு முன்னால் நின்றபோதுதான். என் கருவிப் பையில் கிடந்தவை வேறு வகை: முனை தேய்ந்த டெஸ்ட் பென், தண்டு முழுக்க நான்கு சுற்று கறுப்பு டேப் சுற்றிய ஸ்குரூடிரைவர், பிடியில் வெடிப்பு விழுந்த குறடு. டேப் சுற்றியதுதான் எனக்குக் காப்பு. அது ஈரத்தில் வழுக்கும், சூட்டில் பிசுபிசுக்கும். வாரம் ஒருமுறை பிரித்துப் புதிதாகச் சுற்றுவேன். அந்த டேப்பைக்கூட ஸ்டோரில் கேட்டால் தட்டாமல் கொடுத்தார்கள். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

அடுத்து, அவர்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை. 2009 நவம்பர், மழைக்காலம், அதிகாலை இரண்டு மணி. போன் வந்தது. பெரிய ஃபீடர் ஒன்றில் சூட்டு வாடை அடிக்கிறது. போய்ப் பேனலைத் திறந்தால் பஸ்பார் இணைப்பு ஒன்று நிறம் மாறி நீலம் பாய்ந்திருக்கிறது. போல்ட் தளர்ந்தால் அங்கே மின்தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் செம்பு விரிந்து சுருங்கி இன்னும் தளரும். பார்த்ததும் தெரிகிற விஷயம். மூன்று மாதம் முன்பே அந்த இணைப்பைப் பற்றி லாக் புத்தகத்தில் எழுதியிருந்தேன். "உங்க ரிப்போர்ட் எல்லாம் எவ்வளவு அழகா இருக்கு" என்று மானேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மெயினை அடைத்துவிட்டு இறுக்கினால் இருபது நிமிட வேலை. போனில் கேட்டேன். மெயினை அடைத்தால் லைனில் சூடு இறங்கும், மறுபடி ஏற்ற எட்டு மணி நேரம் ஆகும், ஆர்டர் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்க அடைக்காமலே செஞ்சிடுவீங்க. இந்தத் தொழிற்சாலையில அப்படிச் செய்யக்கூடிய ஒரே ஆள் நீங்கதான். ராசியான கை" என்றார்.

அந்தச் சொல் எனக்கு இனித்தது. அதை இன்றைக்கு மறைக்க மாட்டேன். லயத்துப் பையனை ஒரு பெரிய மனிதர் அப்படிச் சொன்னால் இனிக்கத்தான் செய்யும். டேப் சுற்றிய ஸ்பேனரோடு உள்ளே கையை விட்டேன். இரண்டாவது சுற்றில் வாஷர் ஒன்று நழுவிச் சிவப்பு ஃபேஸுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் விழுந்தது. மூன்று ஃபேஸ், 415 வோல்ட். சத்தம் கேட்டதா வெளிச்சம் தெரிந்ததா எது முதலில் என்று சொல்லத் தெரியாது. இப்படித் தெறிக்கும் வில்பொறியின் நடுவில் சூடு சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அது கண் இமைப்பதற்குள் முடிந்தது. கூட நின்ற நேபாளத் தம்பி, மொழி சரியாகத் தெரியாதவன், வேலைக்கு வந்து நான்கு மாதம்தான், யாரையும் கேட்காமல் ஓடிப்போய் மெயினை அடைத்தான். இடது கை மணிக்கட்டு வரை வெந்தது. ஸ்பேனரின் வாய் மெழுகுபோல் உருகி வளைந்திருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் காட்டிய பரிவைச் சொல்லியே ஆக வேண்டும். தனியார் மருத்துவமனை, செலவு முழுவதும் கம்பெனி. மூன்றாம் நாள் காலையில் வீட்டு வாசலில் கம்பெனி கார் வந்து நின்றது. "கையால ஒண்ணும் செய்ய வேணாம், வந்து உக்காந்தா போதும்" என்றார்கள். ஏர்கான் அறையில் தனி நாற்காலி, மணிக்கொரு கோப்பி, ஒரு கோப்புகூட என் முன் வைக்கவில்லை. இரண்டு வாரம் அப்படி வைத்திருந்தார்கள். நன்றியோடுதான் இருந்தேன். விபத்தால் ஒருவர் நான்கு நாட்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அது எனக்கு வெகுநாள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டேன். நான் இரண்டே நாள்தான் வேலைக்கு வராதவன்.

வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கும். நான் வெந்த நாளில் அதில் 612 இருந்தது. மறுநாள் 613 என்று மாற்றினார்கள். அந்தப் பலகைக்கு வருடக் கடைசியில் கேடயமும் கிடைத்தது. படம் எடுக்கும்போது என்னையும் நடுவில் நிறுத்தினார்கள். படத்தில் நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

சம்பளத்திலும் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் தேதிக்கு ஒருநாள் பிந்தியதில்லை. 2023 தொடக்கத்தில் வேலைச் சட்டம் மாறியது. வார வேலை நேரம் 48-இலிருந்து 45 மணி நேரமானது. மாதம் 4,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் உரிமையானது. என் கீழே வேலை பார்த்த தம்பி ஒருவனுக்கு அடிப்படைச் சம்பளம் 2,800. இரவு, விடுமுறை என்று பாராமல் ஓடுகிறவன். மாதம் எண்பது மணி நேரம் ஓ.டி. பார்த்தால் ஏறக்குறைய 1,600 வரும். இரண்டும் சேர்ந்து 4,400. அவனுடைய திறமையை மெச்சி 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ்' ஆக்கினார்கள். சம்பளம் ஒரே பாய்ச்சலில் 4,050. கதவில் பெயர்ப்பலகை, சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு. அவன் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். இரவு இரண்டு மணிக்கு வரும் போன் மட்டும் மாறவில்லை. மாதக் கடைசியில் 350 வெள்ளி எங்கே குறைகிறது என்று அவன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்து, நான்தான் 4,000 எல்லையைச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டெக்னீஷியன் என்ற பெயருக்கு மதிப்பில்லாமலும் இல்லை. 2015-இல் தனிச் சட்டமே வந்தது. சான்றுபெற்ற டெக்னீஷியன் தன் பெயருக்கு முன்னால் 'டி.சி.' என்று போட்டுக்கொள்ளலாம், டாக்டர் போடுவதுபோல. நல்ல சட்டம். அந்த இரண்டு எழுத்துக்காரன் "இதைத் திறக்க வேண்டாம்" என்று சொன்னால் அந்தச் சொல் நிற்க வேண்டும், அதற்குத்தான் அது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிற கை, அதில் பெயர் உள்ளவன் சொல்வதையும் கேட்டிருந்தால் 2009-இல் எனக்கு இருபது நிமிடம் கிடைத்திருக்கும்.

முதலாளிமாரை மட்டும் புகழ்ந்தால் முறையாகாது. காப்பாரிலும் கிள்ளானிலும் நம் வீட்டுக்காரர்களும் நன்றாகவே புகழ்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்ன வீட்டு வேலை பார்ப்பேன். ஒரு வீட்டில் அக்கா சொன்னார்: "முன்ன அடிக்கடி டிரிப் ஆகும் தம்பி. போன தீபாவளிக்கு ஒரு வயர்மேன் வந்தார், கெட்டிக்காரர். அவர் தொட்ட பெறகு ஒரு தடவைகூட டிரிப் ஆகல." டி.பி. என்கிற மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரண்ட் கசிந்தால் அடைக்கும் ஈ.எல்.சி.பி.யைச் சுற்றி ஒரு வயர். பைபாஸ். அந்தக் கெட்டிக்காரர் டிரிப்பை நிறுத்தவில்லை. டிரிப் ஆக்கும் கருவியை நிறுத்தியிருக்கிறார். குளியலறையில் சுடுநீர் ஹீட்டர். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் வீட்டுக்குப் பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, ஈரமான இடத்துக்கு 10 என்று கசிவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்க முப்பது சொச்சம் மில்லி ஆம்பியரே போதுமாகிவிடலாம். ஒரு சாதாரண குண்டு பல்பு இழுப்பதைவிடக் குறைவு அது. டிரிப் ஆகிறது என்றால் எங்கோ கரண்ட் வழி தவறுகிறது என்று வீடு நம்மிடம் சொல்கிறது. அந்த வீட்டில் வழி தவறியது ஹீட்டருக்குள்தான். நான் பைபாஸை எடுத்துவிட்டு, ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். "இவருக்கு வேலை தெரியாது, வந்ததும் மறுபடி டிரிப் ஆகுது" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள். விருந்தாளிக்குச் சோறு போடாமல் அனுப்பாதவர்கள். டி.பி.யில் டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், அக்கா. சட்டென்று அடைய வேண்டும். அடையவில்லை என்றால் யாரையாவது கூப்பிடுங்கள். நானாக இருக்க வேண்டியதில்லை.

கடைசி நாள் வேலை ஒன்று பாக்கி இருந்தது. என் இடத்துக்கு வரும் தம்பியிடம் சுவிட்ச் ரூமை ஒப்படைக்க வேண்டும். இருபத்தாறு வயது. அப்பா லாரி ஓட்டுகிறார். பையன் தொழிற்பயிற்சி முடித்து, சார்ஜ்மேன் தேர்வையும் முதல் முறையிலேயே தேறியவன். பேனல் பேனலாகக் காட்டிக்கொண்டு வந்தேன். எது எங்கே சூடாகும், எந்த பிரேக்கர் மழையில் முரண்டு பிடிக்கும், எல்லாம். அலமாரிக்கு முன்னால் வந்ததும் அவன், "இது எதுக்கண்ணே பூட்டி இருக்கு?" என்றான். முப்பத்தொரு வருடத்தில் நான் கேட்காத கேள்வி.

மானேஜரிடம் போய்ச் சாவி கேட்டேன். விருந்து நாள் என்பதால் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கையுறையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தோம். ரப்பர் கையுறையைப் போடும் முன் ஒரு சோதனை உண்டு. திறந்த வாயைப் பிடித்து, உள்ளே காற்றைச் சிறைப்படுத்தி, வாய்ப்பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டே வந்தால் விரல்கள் பலூன்போல் புடைக்கும். அதைக் கன்னத்துக்கும் காதுக்கும் அருகில் பிடிக்க வேண்டும். வலது கையுறை புடைத்து நின்றது. இடது கையுறையைத் தம்பி சுருட்டினான். விரல் நான்கும் எழுந்தன, பெருவிரல் எழவில்லை. அவன் அதை என் காதருகில் கொண்டு வந்தான். பெருவிரல் அடியில் மடிந்தே கிடந்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. மெல்லிய சத்தம், குழந்தை மூச்சு விடுவதுபோல் காற்று என் கன்னத்தில் பட்டது. வெந்த கையின் பக்கம்.

அதைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். புது ஜோடி கையுறைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதிப்பதற்கும், அலமாரிச் சாவி சுவிட்ச் ரூமில் இருப்பதற்கும் கோரிக்கைத் தாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, மானேஜர் மேசையில் வைத்தேன். தம்பிக்கு அலமாரியிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துக் கொடுத்து, "இதோட சாவி ஒண்ணுதான். அது ஒன் சட்டைப் பையில மட்டும் இருக்கணும். பிரேக்கர அடைச்சுட்டு இத மாட்டு. நீ வெளிய வந்து எடுக்குற வரைக்கும் வேற யாரும், முதலாளியே வந்தாலும், மேல தட்ட முடியாது" என்றேன். அதற்குப் பிறகுதான் விருந்துக்குப் போனேன். கைதட்டினார்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். குரல் சோர்ந்திருந்தது. கோரிக்கைத் தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறதாம். முந்தின இரவு அதே ஃபீடரில் ஏதோ கோளாறு, மெயினை அடைக்காமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன் அண்ணே. அடைச்சுப் பூட்டு மாட்டித்தான் செஞ்சேன். லைன் எட்டு மணி நேரம் நின்னுருச்சு."

"மானேஜர் என்ன சொன்னாரு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, எனக்கு வலிக்குமோ என்று தயங்குகிறவனைப்போல் மெதுவாகச் சொன்னான்.

"பழைய அண்ணன் மாதிரி நீ இல்லன்னு சொல்லிட்டாருண்ணே."